தினமும் பாடம் எழுதியும் மனசு ஏன் கனக்கிறது?

நீங்கள் கேட்டது ஒரு வரிதான்: "அன்றாட அனுபவங்களிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு, என்னை நானே ஏற்றுக்கொள்வது எப்படி?" ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் விவரங்களில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. பெங்களூரில் ஐந்து வருடம் வேலை பார்த்தீர்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததும் சேலத்தை ஒட்டிய சிவதாபுரத்துக்குத் திரும்பி வந்து, அவருடைய கொலுசுப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறீர்கள். இரண்டு வருடமாக ஒவ்வொரு இரவும் ஒரு நோட்டில் 'இன்றைய பாடம்' என்று ஒரு வரி எழுதுகிறீர்கள். அதில் மூன்று வரிகளை எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள்: "எனக்கு இந்தத் தொழில் வராது." "நான் பொறாமைக்காரன்." "மனுஷங்களோடு பேசத் தெரியாதவன் நான்." எழுத எழுத மனசு லேசாகும் என்று நினைத்தீர்கள், கனத்துக்கொண்டே போகிறது. ஆக, நான் புரிந்துகொண்ட கேள்வி இது: எல்லோரும் நல்லது என்று சொல்கிற ஒரு பழக்கத்தை ஒழுங்காகச் செய்தும், அது ஏன் என்னையே தின்கிறது?

நான் உளவியல் படித்து, சேலத்தில் 23 வருடமாக மனநல ஆலோசனை செய்து வருகிறேன். மாதத்தில் ஒரு நாள் ஏற்காட்டுக்குப் போய்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களையும் பார்க்கிறேன். உங்களை நேரில் பார்த்ததில்லை என்பதால், உங்களைப் பற்றி நான் சொல்வதில் ஊகம் கலந்திருக்கும். எது உறுதி, எது ஊகம் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில், அந்த மூன்று வரிகளில் ஒன்றுகூடப் பாடம் இல்லை. மூன்றுமே தீர்ப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் காண ஓர் எளிய வழி வைத்திருக்கிறேன். எழுதிய வரியைப் பட்டறையில் உங்களிடம் வேலை செய்கிற ஒருவரிடம் படித்துக் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு அவர் நாளைக் காலையில் எதையாவது மாற்றிச் செய்ய முடியுமா? "தராசைத் தொடுவதற்கு முன்னால் குவியலுக்கு அடையாளச் சீட்டைக் கட்டு" என்றால் முடியும். "உனக்கு இந்தத் தொழில் வராது" என்றால் அவர் என்ன செய்வார்? தலையைக் குனிந்துகொண்டு போவார். நீங்கள் இரண்டு வருடமாக, தினமும் இரவில், உங்களையே அப்படி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

இது உடம்புக்கும் மனதுக்கும் கெடுதல் என்பதை ஓரளவு உறுதியாகவே சொல்ல முடியும். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப மனதில் போட்டு அரைப்பது பற்றி அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன் ஹோக்ஸிமா பல வருடங்கள் ஆராய்ந்தார். 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தற்செயலாக ஒரு மாணவர் கூட்டத்திடம், மனம் சோர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டுப் பதிவு செய்திருந்தார். நடுக்கத்துக்குப் பத்து நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் அவர்களையே மறுபடி பார்த்தபோது, சோர்வை மனதில் போட்டு அரைக்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தவர்கள்தான் அதிகம் வாடியிருந்தார்கள். அதன்பின் வந்த பல ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. அரைக்கிறவருக்குத் தான் அரைப்பதாகத் தோன்றாது என்பதுதான் இதில் கொடுமை. யோசிக்கிறோம், திருந்துகிறோம், பாடம் கற்கிறோம் என்றே தோன்றும்.

அப்படியானால் நடந்ததை யோசிக்கவே கூடாதா? யோசிக்கலாம், எப்படி என்பதில்தான் விஷயம். எட்வர்ட் வாட்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இதைப் பிரித்துக் காட்டினார். "ஏன் எனக்கு எப்பவும் இப்படி?" என்று பொதுப்படையாகப் போகிற யோசனை ஆளை இறக்குகிறது. "அது எப்படி நடந்தது, முதலில் என்ன, அப்புறம் என்ன?" என்று நடந்ததை ஒட்டியே போகிற யோசனை பெரும்பாலும் அப்படி இறக்குவதில்லை. என்னிடம் வருகிறவர்களிடமும் இதைத்தான் பார்க்கிறேன். 'ஏன்' என்று ஆரம்பித்தவர் பத்து நிமிடத்தில் தன் பிறந்த ஜாதகம் வரைக்கும் போய்விடுவார். 'எப்படி' என்று ஆரம்பித்தவர் ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு சீட்டு என்று நின்றுவிடுவார்.

நீங்கள் எழுதிய எடை விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். கல்யாண சீசன் ஆர்டர். ஜோடி 80 கிராம் வரும் கொலுசு ஒரு குவியல், 100 கிராம் வரும் கொலுசு ஒரு குவியல். இரவு ஒன்பது மணிக்கு மேல் இரண்டும் கலந்துவிட்டன. மறுநாள் வியாபாரி வந்து சத்தம் போட்டார். நீங்கள் கூனிக் குறுகி நிற்க, அப்பா ஒரு வார்த்தை பேசாமல் இடது கையால் ஒவ்வொரு ஜோடியாக எடுத்துத் தராசில் வைத்துப் பிரித்தார். அன்றிரவு நீங்கள் எழுதியது, "எனக்கு இந்தத் தொழில் வராது."

'எப்படி' என்று கேட்டுப் பாருங்கள். அன்று ஒரு ஆள் லீவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவை மதியம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டு வந்து, விட்ட வேலையை இரவில் பிடித்திருக்கிறீர்கள். குவியலுக்குச் சீட்டு கட்டவில்லை, பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் எடை போட்டீர்கள். இவ்வளவும் உங்கள் பதிவிலேயே இருக்கிறது, ஆனால் நோட்டில் ஏறவில்லை. இதிலிருந்து வருகிற பாடம் சின்னது: சீட்டை முதலில் கட்டு, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற நாளில் எடை வேலை வைத்துக்கொள்ளாதே. அவ்வளவுதான். இத்தனை அவமானத்துக்கு இவ்வளவு சின்னப் பாடமா என்று மனம் ஒப்பாது. வலி பெரிதாக இருந்தால் பாடமும் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைப்பது நம் எல்லோருக்கும் உள்ள இயல்பு. 23 வருடத்தில் நான் கேட்டவற்றில், உண்மையாக ஒருவருக்கு உதவிய பாடங்கள் அநேகமாக எல்லாமே கைக்கு அடக்கமானவை.

"சீட்டு கட்டணும்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை நம்பாதீர்கள். பாரூக் பிஷாஃப் என்ற உளவியலாளர் 1975-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பிரிட்டிஷாருக்கும் நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் நடந்த பழைய சண்டை ஒன்றின் விவரத்தைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார். ஒரு குழுவிடம் இன்னார் ஜெயித்தார்கள் என்று சொன்னார், இன்னொரு குழுவிடம் வேறு முடிவைச் சொன்னார். எந்த முடிவைக் கேட்டார்களோ அதுதான் நடந்திருக்கும், விவரத்தைப் பார்த்தாலே தெரிகிறதே என்ற பக்கம் ஒவ்வொரு குழுவும் சாய்ந்தது. முடிவு தெரியாததாக நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்றபோதும் அவர்களால் அதை ஒதுக்கி வைக்க முடியவில்லை. இது பலமுறை திரும்பச் செய்து பார்த்து நிலைத்த விஷயம், ஆகவே அழுத்திச் சொல்கிறேன். கலந்துபோன பிறகு பார்க்கிற கண்ணுக்குச் சீட்டு இல்லாத குவியல் பளிச்சென்று தெரியும். ஒன்பது மணிக்கு, களைத்துப்போய் உட்கார்ந்திருந்த உங்கள் கண்ணுக்கு அது வெறும் கொலுசுக் குவியல்தான்.

சரி, இனி 'ஏற்றுக்கொள்வது' என்ற பாதிக்கு வருகிறேன். இந்த வார்த்தையைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு பயப்படுகிறார்கள். என்னை நான் ஏற்றுக்கொண்டால் சோம்பேறியாகிவிடுவேன், தப்புக்குச் சாக்குச் சொல்கிறவனாகிவிடுவேன் என்கிறார்கள். நீங்களும் அதே பயத்தோடுதான் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தொழிலிலேயே இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது: சேதாரம். வெள்ளியை உருக்கும்போது கொஞ்சம், கம்பி இழுக்கும்போது கொஞ்சம், அரம் போடும்போது கொஞ்சம், மெருகு ஏற்றும்போது கொஞ்சம் குறையும். எவ்வளவு கை தேர்ந்தவர் செய்தாலும் குறையும். அதனால் வெள்ளியைக் கொடுக்கும்போதே இவ்வளவு சேதாரம் என்று பேசிக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அந்த அளவுக்குள் இருந்தால் யாரும் யாரையும் திருடன் என்பதில்லை. அளவைத் தாண்டினால் எந்தக் கட்டத்தில் போயிற்று என்று தேடுகிறார்கள். தரையைக் கூட்டிய தூசியைக்கூட வீசாமல் சேர்த்து வைத்து, அதிலிருந்து வெள்ளியைப் பிரித்து எடுக்கிறார்கள். சேதாரத்தை ஒப்புக்கொண்டதால் எந்தப் பட்டறையாவது அசிரத்தையாக வேலை செய்கிறதா? சேதாரமே கூடாது என்று ஒருவர் பட்டறை நடத்தினால்தான் ஆட்கள் பொய்க்கணக்கு எழுத ஆரம்பிப்பார்கள். உங்கள் நோட்டில் சேதாரத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

உவமை எதையும் நிரூபிக்காது என்பது தெரியும். அதனால் ஓர் ஆய்வையும் சொல்கிறேன். ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இருவர் 2012-ல் வெளியிட்டது. மாணவர்களுக்குக் கடினமான சொற்தேர்வு ஒன்றை வைத்தார்கள். பிறகு ஒரு பகுதியினரிடம், இந்தத் தேர்வு பலருக்கும் கஷ்டம்தான், உங்களை நீங்களே ரொம்பக் கடிந்துகொள்ள வேண்டாம் என்ற தொனியில் பேசினார்கள். அப்படிக் கேட்டவர்கள் அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் உட்கார்ந்து படித்தார்கள். சோம்பல் வரவில்லை, உழைப்புத்தான் கூடியது. ஆனால் இது கொஞ்ச நேரத்துக்குள், ஓர் அறைக்குள், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்து பார்த்தது. இந்தத் துறையின் ஆராய்ச்சியில் பெரும்பகுதி அப்படிப்பட்ட மாணவர்களை வைத்து நடந்ததுதான். வியாபாரியும் கடனும் அப்பாவின் மருந்துச் செலவும் தலைக்கு மேல் நிற்கிற ஒருவருக்கு, வருடக்கணக்கில் இது எவ்வளவு தாங்கும் என்பதற்கு இந்த ஆய்வில் பதில் இல்லை. என் அனுபவத்தில் தாங்குகிறது. ஆனால் அனுபவம் ஆய்வுக்கு ஈடாகாது.

ஏற்றுக்கொள்வதற்குச் செயலையும் ஆளையும் பிரிக்க வேண்டும். இதை ஆல்பர்ட் எல்லிஸ் என்ற சிகிச்சையாளர் வாழ்நாள் முழுக்க வற்புறுத்தினார்: செய்ததற்கு மதிப்பெண் போடு, செய்தவனுக்குப் போடாதே. செய்தது தப்பு என்று தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 'நான்' என்ற முழு ஆளுக்கு ஒரே ஒரு எண் போடுவதற்கு எந்தத் தராசும் கிடையாது. பெங்களூரிலிருந்து அப்பாவுக்காக வந்தவரும் நீங்கள்தான், குவியலைக் கலந்தவரும் நீங்கள்தான். எதை எதோடு சேர்த்து எடை போடுவீர்கள்?

அடுத்தது அந்த அஸ்தம்பட்டி டீக்கடை. கூட வேலை பார்த்த நண்பர் குடும்பத்தோடு காரில் ஏற்காட்டுக்குப் போகிற வழியில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டீர்கள். "நான் பொறாமைக்காரன்" என்று எழுதினீர்கள். இதை நான் அப்படி நம்பவில்லை. இரண்டு வருடமாக உறவுக்காரர்கள் உங்களிடம் "கெட்டும் பட்டணம் சேர்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டணத்தை விட்டு வந்தவனுக்கு அந்தப் பழமொழி ஒவ்வொரு முறையும் ஒரு குத்து. 'இப்ப என்ன பண்றே?' என்று நண்பர் கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சமாக இருக்கலாம். கூடவே, போன வாழ்க்கையின் மேல் உள்ள ஏக்கமாகவும் இருக்கலாம். ஏக்கம் குற்றம் கிடையாது, தம்பி. விட்டு வந்தது உங்களுக்குப் பிடித்த வேலை. இரண்டு வருடத்தில் அது ஆறிவிட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கிறிஸ்டின் நெஃப் என்ற ஆய்வாளர் 2003-ல் தன்பரிவு என்பதை மூன்றாகப் பிரித்தார்: தன்னிடம் அன்பாக இருப்பது, வலியைக் கூட்டாமல் குறைக்காமல் பார்ப்பது, இது எனக்கு மட்டும் வந்ததில்லை என்று உணர்வது. மூன்றாவதை நம் பாட்டிகள் "யானைக்கும் அடி சறுக்கும்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். எதிர்த்த வீட்டுப் பையன் சறுக்கினால் நாம் அதைச் சொல்கிறோம். நமக்கென்று வரும்போது அந்த வாக்கியம் நினைவுக்கே வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது என் சொந்தத் தவறு. பல வருடம் முன்பு ஏற்காட்டில் ஓர் அம்மா என்னிடம் வந்தார். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். அவருடைய பிள்ளை இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்போது எனக்கு அனுபவம் குறைவு, படித்தது புதிது. துன்பத்திலிருந்து வளர்ச்சி வருகிறது என்ற பேச்சு எங்கள் துறையில் பரவியிருந்த நேரம். நான் அவரிடம், "இதிலிருந்து நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "கத்துக்கறதுக்கா எம்புள்ள செத்தான்?" என்றார். எழுந்து போய்விட்டார். மறுபடி வரவில்லை. அந்தக் கேள்வியை நான் அதற்குப்பின் யாரிடமும் கேட்டதில்லை.

துன்பம் ஆளை வளர்க்கும் என்பது சந்தேகத்துக்குரிய பகுதி. அப்படி வளர்ந்தோம் என்று சொல்கிறவர்கள் உண்மையிலேயே நிறையப் பேர். ஆனால் பட்ரீசியா ஃப்ரேசியரும் குழுவினரும் 2009-ல், அதிர்ச்சிக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 'நான் வளர்ந்துவிட்டேன்' என்று சொன்ன அளவுக்கும், அளவீட்டில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. அதனால் சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று ஆகாது. அப்படிச் சொல்லிக்கொள்வது தாங்குவதற்கு ஒரு வழியாக இருந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு அடியிலிருந்தும் பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்க இது ஆதாரம் ஆகாது. அப்பாவின் கை விழுந்தது உங்களுக்குப் பாடம் நடத்துவதற்காக இல்லை. அதைப் பற்றி நோட்டில் ஒரு வரியும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது குறைபாடு இல்லை. அங்கே மட்டும் உங்கள் மனம் சரியாக நடந்துகொண்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நோட்டைத் தூக்கிப் போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், எழுதும் விதத்தை மாற்றிப் பாருங்கள். 'இன்றைய பாடம்' என்ற தலைப்பை எடுத்துவிடுங்கள். நடந்த ஒரு விஷயத்தை, எதிர்க்கடைக்காரர் பார்த்திருந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படி எழுதுங்கள். அவருக்கு உங்கள் மனசு தெரியாது, பார்த்தது மட்டும் தெரியும். அதனால் "வியாபாரி சத்தம் போட்டார், பையன் பேசாமல் நின்றான், பெரியவர் உட்கார்ந்து பிரித்தார்" என்றுதான் சொல்வார். அப்புறம், அந்த நேரத்தில் எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று இரண்டு வரி. நாளைக்குக் கையால் செய்யக்கூடிய ஏதாவது தோன்றினால் அதையும் எழுதுங்கள், தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள். முக்கால்வாசி நாள் தோன்றாது. 15 நிமிடத்துக்கு மேல் எழுத வேண்டாம். படுக்கையில் உட்கார்ந்து எழுதவும் வேண்டாம். சாப்பிடுவதற்கு முன்னால் எழுதி மூடிவிடுங்கள். எழுதுவதன் பலனை 1986-ல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் காட்டியதிலிருந்து இதைப் பற்றிப் பெரிய நம்பிக்கைகள் பரவியிருக்கின்றன. 2006-ல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் இருக்கிறது, ஆனால் சராசரியில் சின்னது என்று தெரிந்தது. உங்களுக்கு மூன்று வாரத்தில் எந்த வித்தியாசமும் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். அதையும் தோல்விக் கணக்கில் எழுத வேண்டாம்.

மாதத்துக்கு ஒருமுறை பழைய பக்கங்களைச் சேர்த்துப் படிப்பது நல்லது. ஒரு நாளைத் தனியாகப் பார்த்தால் தெரியாதது அப்போது தெரியும். ஏற்காட்டில் ஒரு சிறு தோட்டக்காரர், காய்ப்புக் குறைந்த அராபிகா செடிகளைக் காட்டி, "போன வருஷம் நெறையக் காய்ச்சு ஓய்ஞ்சிருக்கு" என்றார். அராபிகாவுக்கு அந்தக் குணம் உண்டு. ஒரு வருடம் அதிகமாகக் காய்த்தால் அடுத்த வருடத்துக்கான கிளை சரியாக வளராது, காய்ப்புக் குறையும். அவர் இந்த வருடத்துச் செடியைப் போன வருடத்தோடு சேர்த்துப் படித்தார். செடியும் மனிதனும் ஒன்றில்லைதான். ஆனால் பெங்களூர் வேலை, அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்கள், தெரியாத தொழில் என்று தொடர்ந்து வந்தவரின் இன்றைய களைப்பை இன்றைக்கு மட்டும் வைத்துப் பார்ப்பதும் சரியில்லை.

நான் எழுதியதெல்லாம் மனக்கனத்துக்கு. நோய்க்கு இது மருந்தாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு ஒருமுறை வந்திருந்தாலும், நோட்டை நம்பி உட்காராதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். நீங்கள் தூக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதனால்தான் இதை விடாமல் சொல்கிறேன்.

கடைசியாக, அப்பா பேசாமல் பிரித்துக் கொடுத்ததை நீங்கள் தண்டனையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது, ஆனால் அவர் மனதில் இருந்ததை அவர்தான் சொல்ல முடியும். ஆர்டர் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை சும்மா இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க தொழிலுக்கு வந்த புதுசுல எதையாவது கலந்திருக்கீங்களாப்பா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அன்றிரவு நோட்டில் எழுத வேண்டாம். கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.